ஷெட்டைப் பார்த்து இறங்கியவர்

என் அக்கா புருஷனுக்குத் தெரிந்தது ஒரே வேலை, விமானம் ஓட்டுவது. பெரிய விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். ஓடுதளமும் வெறும் புல்தரைதான். வருகிறவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பார். மெக்கானிக் நான். மேலே ஏறினால் பாட்டும் கேலியுமாக இருக்கிற மனுஷன், தரையில் உம்மணாமூஞ்சி. "இவரை ஒரு நாளாவது வீட்ல கட்டிப் போடணும்டா" என்று அக்கா புலம்பாத நாளில்லை.

அவருக்கு வயதாகிவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்க இந்த முறை அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், தேறாவிட்டால் இனி பறக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மைதானத்தில் ஒரு கெட்ட பழக்கம். காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் விமானம் நிறுத்தும் ஷெட்டுக்கு எதிர்முனையில் ஒரே சேறு. அந்த முனையில் போய் நிற்கும்படி இறங்கினால் விமானத்தைக் கையால் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அதனால் காற்று எப்படி இருந்தாலும் எல்லோரும் ஷெட்டைப் பார்த்தே இறங்குவார்கள். சோம்பேறித்தனம், வேறென்ன?

அதிகாரி வந்த அன்று காலையில் மழை. காற்றும் ஷெட்டை நோக்கித்தான் அடித்தது. அதிகாரி முன்னாலாவது அத்தான் மறுபக்கம் சுற்றி வந்து காற்றுக்கு எதிராக இறங்குவார் என்று பார்த்தேன். பழகிய கை, கேட்குமா? பின்காற்று தள்ள, பாதி மைதானம் தாண்டித்தான் தரையைத் தொட்டார். பிரேக் போட்டதும் சக்கரம் நின்றது, விமானம் நிற்கவில்லை. ஈரப்புல்லில் வழுக்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் மூக்கைக் குத்தியது.

அடக் கடவுளே என்று ஓடினேன். இருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதிகாரி கோபப்படவுமில்லை.

"உயிர் தப்பிச்சோம், அது போதும் சார். இனிமே வீட்ல நிம்மதியா இருங்க."

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டில் விஷயத்தைக் கேட்ட அக்கா "அப்பாடா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இத்தனை வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவள்தானே!

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், ஷெட் வரைக்கும் வாங்களேன்."

"அங்க எனக்கு என்னடா வேலை?"

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

"சாப்பாட்டுல இன்னிக்கு வேணும்னே உப்புப் போடலடா. ஒரு வார்த்தை திட்டுவார்னு பார்த்தேன்" என்றாள். "தட்டைக் காலி பண்ணிட்டு எழுந்து போயிட்டார்."