வியாழக்கிழமை லெட்சுமி

போன வாரம் இந்தப் பத்தியைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு — டிங்கி, அதாவது டெங்கு காய்ச்சல். ஐந்து நாள் மருத்துவமனைக் கட்டில். இப்போது தேறிவிட்டேன். அதைவிட முக்கியம், என் காய்ச்சலால் ஒருவருக்குப் போன வேலை திரும்பக் கிடைத்திருக்கிறது.

அவர் லெட்சுமி. பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரும் ஒப்பந்தச் சுகாதாரப் பணியாளர். வியாழக்கிழமைதோறும் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வந்து பூச்சட்டி, வாளி, பிரிட்ஜின் அடித்தட்டு வரை கொசுப் புழு தேடுவார். கண்டால் அபராதம்.

விடுவோமா? வியாழன் காலையில் தெருவே சுறுசுறுப்பாகிவிடும். தேங்கிய தண்ணீரெல்லாம் சிமெண்டுத் தரையில் கவிழும். வேலை வாங்கும் மண்டோரின் தலை தெரிந்த பிறகு குனிந்து வேலை செய்த தோட்டத்துப் பரம்பரை இல்லையா நாம்? லெட்சுமி பார்ப்பார், ஒன்றும் இருக்காது, போய்விடுவார். ஏமாற்றிவிட்ட திருப்தி நமக்கு.

இரண்டு வருடமாகத் தாமானில் ஒருவருக்கும் டிங்கி இல்லை. அதுவே அவருக்கு வினையானது.

"கேஸே இல்லாத எடத்துக்கு ஆளு எதுக்குன்னு மேல கேட்டாங்களாம்ண்ணே. ஒதுக்கீட்ட வெட்டிட்டாங்க. இந்த மாசத்தோட சரி லா," என்றார். "பிள்ளைங்க ரெண்டும் படிக்குது."

"நல்லா வேல செஞ்சதுக்குத் தண்டனையா?"

"நாலு புழுவாச்சும் காட்டியிருந்தா பொழச்சிருப்பேன். நீங்கதான் விடலையே."

அதன்பின் வியாழன் சாதாரணக் கிழமையாகிவிட்டது. என் பின்வாசல் வாளியை யாரும் தொடவில்லை. இரண்டாவது மாதம் எனக்குக் காய்ச்சல். அடுத்து பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு.

உடனே புகை அடிக்க ஆள் வந்தது. ஒதுக்கீடு வந்தது. லெட்சுமியும் வந்தார். முதல் வேலையாக என் வாளிக்குள் டார்ச் அடித்தார்.

"என்னாண்ணே, நான் வரலன்னா தண்ணிய கொட்ட மாட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொட்டுறது ஒனக்குத் தெரியுமா?"

"வெயில் நாள்ல தெரு முழுக்க ஈரமா கெடந்தா தெரியாதா? புழு கொசுவாவ ஒரு வாரம் புடிக்கும். நீங்க வாரத்துக்கு ஒரு தடவ கவுத்தா போதும். அதுக்குத்தான் கெழமைய மாத்தாமலே வந்தேன்."

இரண்டு வருடமாக யார் யாரை ஏமாற்றியது?

அவருக்கு இப்போது ஓராண்டு ஒப்பந்தம். அதற்குள் காய்ச்சல் நின்றுவிட்டால் மறுபடி வெட்டிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறார். வாசகர்களில் யாராவது அப்போது முன்வரலாம்… என் முறை முடிந்தது.