ஜீப்பை ஏற்ற ஒரு வண்டி

சந்தாபுராவுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஓஸ்வால்ட் கேட்க நினைத்தது அளக்கிற டேப். வாயிலிருந்து வந்தது சோப்பு.

"சோப்பா?" என்றாள் மனைவி பெட்டி. "இப்பதானங்க குளிச்சீங்க?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டப் பார்த்தார். வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. மறுபடி வாயைத் திறந்தார், மறுபடியும் சோப்புதான். பெட்டி உள்ளே போய்ப் புதுச் சோப்பு ஒன்றை உறை பிரித்துக் கொண்டுவந்து கணவனின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் முகத்திலிருந்த பொறுமையைப் பார்த்ததும் அதற்குமேல் அவருக்கு மனம் வரவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் மகள் கேரல் ஹாரன் அடித்தாள். டேப் இல்லாமலே புறப்பட்டார்கள்.

லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்டைத் தெரியாதவர்கள் குறைவு. மாதா கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, யார் வீட்டுப் பிள்ளை தொலைந்து மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறது என்று எல்லாவற்றையும் அவர் குரல்தான் ஊருக்குச் சொல்லும். ஒரு தொழிற்சாலையின் வாகனப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தார். வாரம் முழுக்க லாரிகளோடு மல்லுக்கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு சேறும் பாறையும் இருக்கிற இடமாகத் தேடிப் போய்விடுவார். மேட்டிலும் பள்ளத்திலும் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தொடாமல் வண்டியை ஏற்றி இறக்குகிற போட்டிகள் அவருக்கு உயிர். கல்லூரி நாளிலிருந்தே கேரல் அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லுவாள். "லெஃப்ட் டாடி, இன்னும் லெஃப்ட், போதும் போதும்!" என்று அவள் கத்துவதும், "கேட்டிச்சிடீ, காது போயிடும்!" என்று இவர் பதிலுக்குக் கத்துவதும் ஓரத்தில் நிற்பவர்களுக்குத் தனி வேடிக்கை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது கையிலிருந்த ரேசர் விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கால் இழுத்தது. வலது கைக்குப் பலம் இல்லை. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. பிறர் சொல்வது ஒவ்வொன்றும் புரிந்தது. சொல்ல வேண்டியதும் உள்ளே தெளிவாக இருந்தது. நாக்குக்கு வந்து சேரும்போது மட்டும் அது வேறு ஏதோ ஒரு சொல்லாக மாறிவிடும். காப்பி என்பது கதவு ஆகும். பெட்டி என்ற மனைவியின் பெயர் பஸ் ஆகும். எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்தும் அதே வழியில் போய்விட்டிருந்தது. "சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு, வழிதான் அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். வழி எப்போது திறக்கும் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜீப் ஓராண்டுக்கு மேல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிறகு ஒருநாள் கேரல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மழைக்காலத்தில் சக்லேஷ்புரா பக்கம் நடக்கும் போட்டிக்குப் பெயரும் கொடுத்தாள். அவளோடு ஆபீசில் வேலை செய்யும் ஷெர்வின் பக்கத்துச் சீட்டுக்கு வர ஒப்புக்கொண்டான். ஆனால் அத்தனை பெரிய டயரும், தலைக்குமேல் இரும்புக் கூண்டுமாக இருக்கிற வண்டியை அவ்வளவு தூரம் ரோட்டில் ஓட்டிப்போக முடியாது. போட்டியில் ஏதாவது உடைந்தால் திரும்பிக் கொண்டுவரவும் வேண்டும். வாடகைக்குச் சொல்லிவைத்த லாரிக்காரர் ஒருமுறை கடைசி நேரத்தில் கைவிரித்த பிறகு, பழைய மினி லாரி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று கேரல் முடிவு செய்தாள்.

"டாடியும் வரட்டும்" என்றாள். "அவருக்குத் தெரியாத லாரியா?"

அதைக் கேட்டபோது ஓஸ்வால்டுக்கு நெஞ்சு நிறைந்துபோனது உண்மை.

சந்தாபுராவில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு மைதானத்தில் உத்தமன் பழைய வண்டிகளை நிறுத்தி வியாபாரம் செய்துவந்தார். நல்ல மனுஷர். ஓஸ்வால்ட் காரிலிருந்து இறங்கும்போது ஓடிவந்து கை கொடுத்தார். அவர்கள் தேடி வந்த அளவில் அங்கே இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று வெள்ளை, சமீபத்தில் பெயிண்ட் அடித்தது. இன்னொன்று நீலம். கதவோரம் துரு பிடித்து, முன்கண்ணாடியில் ஒரு விரிசலோடு ஓரத்தில் நின்றது.

"வெள்ளையைப் பாருங்க மேடம்" என்றார் உத்தமன். "இஞ்சின் கைபடாதது. பாடி பாருங்க எவ்ளோ நீளம்! உங்க ஜீப் ஏறினதுக்கு அப்புறமும் டூல் பாக்ஸ், ஸ்பேர் டயர் எல்லாம் ஆராமா வெக்கலாம்."

கேரல் பின்பக்கம் ஏறி நடந்து பார்த்தாள். நீளம் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஓஸ்வால்ட் கீழேயே நின்று வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்த நீளம் வண்டி பிறந்தபோது இருந்ததில்லை. மெத்தைபோல் கனமில்லாத சரக்குக்காக யாரோ பின்சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தை வெல்டு வைத்து நீட்டியிருக்கிறார்கள். பஞ்சு மெத்தைக்கு அது போதும். ஜீப் அப்படியில்லை. அது ஏறும்போது அதன் கனம் முழுவதும் அந்த வாலின் நுனியில் இறங்கும். முன்பக்கத்துக்கோ அதை ஈடுகட்டுகிற எடை இல்லை. மூக்கு மேலே தூக்கிவிடும்.

"கேரல்" என்று கூப்பிட நினைத்தார். "கிண்ணம்" என்றார்.

அவள் குதித்து இறங்கி வந்தாள். "இன்னா டாடி? தண்ணி வேணுமா?"

இல்லை. இடது கையைத் தட்டையாக நீட்டி, விரல்நுனியைக் கீழே சாய்த்து மணிக்கட்டை மேலே தூக்கிக் காட்டினார். "கல்யாணம்" என்றார். "கல்யாணம், கல்யாணம்."

"பிரேக்கா? மேட்டுல நிக்காதா? ஸ்பிரிங்கா?" அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். உத்தமன் பக்கத்தில் வந்து, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் உரக்க, "சார்! பிரேக் எல்லாம் புதுசு சார்! நீங்க கவலையே படாதீங்க!" என்றார். ஓஸ்வால்ட் குனிந்து ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். இடது கைக்கு வரைந்து பழக்கமில்லை. லாரி என்று அவர் போட்ட கோடு ஒரு மீன்போல வந்தது. தானே காலால் அழித்துவிட்டார்.

பிறகு காலை இழுத்துக்கொண்டு நீல வண்டியிடம் போனார். பின்சக்கரம் நன்றாகப் பின்னால் தள்ளி இருந்தது. பாடி தாழ்வு. பக்கப் பலகைகள் இரண்டும் கீழே மடங்கக்கூடியவை, ஜீப்பைக் கட்ட வசதி. துருவைத் தேய்த்துவிடலாம், கண்ணாடியை மாற்றிவிடலாம். அதன் பலகைமேல் இடது கையை வைத்து நின்றார். மகளையே பார்த்தார். இதுதான், இதுதான் என்று அவருடைய உடம்பு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது.

கேரல் தூரத்திலிருந்து பார்த்தாள். "ஐயோ, டாடியால நிக்க முடியல" என்றாள். "அண்ணா, ஒரு சேர் போடுங்களேன்."

சேர் வந்தது. அவரை அதில் உட்கார வைத்தார்கள். அவர் எழுந்து மறுபடி நீல வண்டியைப் பிடித்தார். கேரல் அருகே வந்து தோளைத் தொட்டு, "சரி டாடி. எல்லாம் நான் பாத்துக்கறேன். ஓகே?" என்றாள். குழந்தைக்குச் சொல்கிற குரல் அது. கோபத்தில் அவருக்குக் கண் கலங்கியது. கண்ணீரைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள். வெள்ளை வண்டியை அவசரமாகப் பேசி முடித்துவிட்டு அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க அவர் முயன்றார். வெள்ளை வண்டி வீட்டுக்கு எதிரே வந்து நின்ற நாளிலிருந்து அதைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேஜைமேல் ஸ்கேலை வைத்து, அதன் ஒரு முனையில் உப்பு ஜாடியை ஏற்றிக் காட்டினார். ஸ்கேல் தூக்கி, ஜாடி கவிழ்ந்து, உப்பு கொட்டியது. பெட்டி துடைத்தாள். "ஜீப்பைப் பிரிஞ்சு இருக்க முடியல அவருக்கு. அதான் இப்படி" என்று கேரலிடம் அவள் சொல்வது சமையலறையிலிருந்து அவர் காதில் விழுந்தது.

போட்டிக்கு முந்தைய நாள் காலையில் தெருக்கோடியில் இருந்த காலி மனையில் ஜீப்பை ஏற்றினார்கள். ஜீப் ஏறிப்போக இரண்டு இரும்பு ரேம்ப்புகளை லாரியின் பின்னால் சாய்த்து, ஷெர்வின் அருகில் நின்று கை காட்டினான். கேரல் ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, மெதுவாக முன்சக்கரங்களை ஏற்றினாள். ஓஸ்வால்ட் லாரியின் முன்பக்கமாகப் போய் நின்றார். லாரியின் முன்டயர் மண்ணில் பதிந்திருந்த இடத்திலிருந்து லேசாக மேலெழுவதைப் பார்த்தார்.

நிறுத்து என்ற ஒரே சொல்தான் வேண்டியிருந்தது. வாயைத் திறந்தார். வந்தது மாதாவை வேண்டிச் சொல்கிற மங்கள வார்த்தை ஜெபம். சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை சொன்ன ஜெபம் அடைபடாத ஏதோ ஒரு வழியில் கிளம்பி, ஒரு பிழையும் இல்லாமல், மைக்கில் பேசிய அதே கணீர்க் குரலில் வெளிவந்தது. நிறுத்தவும் முடியவில்லை. சொல்லிக்கொண்டே கையைக் கையை ஆட்டினார். ஜெபத்தைக் கேட்ட ஷெர்வின் திரும்பி நின்று, பயபக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். தகப்பன் ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்த கேரல், சிரித்தபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

லாரியின் மூக்கு தூக்கியது. ஒரு ரேம்ப் நழுவி விழுந்தது. ஜீப் பின்னுக்குச் சறுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கூண்டு தரையில் மோத விழுந்தது. லாரி திரும்பத் தடாலென்று இறங்கியது.

கூண்டும் பெல்ட்டும் அவளைக் காப்பாற்றின. இடது மணிக்கட்டு மட்டும் முறிந்தது. ஜீப்பின் ஸ்டியரிங் ராடும் ஒரு சக்கரமும் வளைந்துபோயின. போட்டி அவர்கள் இல்லாமலே நடந்தது.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய மூன்றாம் நாள், கேரல் தகப்பனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.  பிறகு நல்ல கையைத் தட்டையாக நீட்டி, விரல்நுனியைத் தாழ்த்தி, மணிக்கட்டை மேலே தூக்கிக் காட்டினாள்.

"இதத்தான டாடி அன்னிக்கிச் சொன்னீங்க?"

ஓஸ்வால்ட் அவள் முகத்தைப் பார்த்தார். தூங்காத கண்கள். இந்த இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் சொல்ல நினைத்தது ஒன்று அப்படியே இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். அதற்குச் சொல்கூடத் தேவையில்லை.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பொய் சொல்லாதீங்க."

மறுபடியும் ஆட்டினார். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கதவருகே நின்றிருந்த பெட்டி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேரல் அங்கேயே இருந்தபடி உத்தமனுக்குப் போன் போட்டாள். வெள்ளையை அவர் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், விழுந்ததைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். நீல வண்டியைப் பற்றிக் கேட்டபோது, அது அவர்கள் வந்துபோன வாரமே ஓசூர் வாழைக்காய் வியாபாரி ஒருவருக்குப் போய்விட்டது என்றார்.

"வேற இடத்துல பாக்கலாம்" என்றாள் கேரல் போனை வைத்துவிட்டு. "கை சரியாகட்டும். நீங்க எதைத் தொடறீங்களோ அதான் டாடி. சரியா?"

சரி என்று தலையசைத்தார். தொட்ட வண்டியில் கோளாறு என்றால் அதை எப்படிச் சொல்வது, தொடாத வண்டி ஏன் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜீப்புக்குத் தார்ப்பாய் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன சொல் வருமோ என்று பயந்து, பேசாமல் எழுந்து வாசலுக்குப் போனார்.