மலிவுக் கடையில் ஒரு மேட்ச்

அட்டனில் வாளி முதல் கம்பளி வரை மலிவாக விற்கும் பெரிய கடைக்கு, என் வீட்டுக்காரரோடு கம்பளி வாங்கப் போனேன். வாசல் டிவியில் இலங்கை அணி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கூட்டத்தோடு அங்கேயே நின்றுவிட்டார். கடைசி விக்கெட்டும் விழுந்தபோது தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இது மேட்ச் இல்லீங்க, வீடியோ கேம். நம்ம கேஷியர் மாடியில விளையாடுறாரு, அதத்தான் கீழ டிவியில காட்டுறோம். கேம் பெட்டியும் இப்ப விக்கிறோம்ல" என்றார் முதலாளி.

"அப்ப தோத்தது யாரு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

வாளி விற்கிறவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலில் கம்பளி வாங்காமலேயே வட்டவளை பஸ் ஏறினோம். தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதும், பக்கத்து லயத்தில் குடியிருப்பவர், "டவுன்ல என்னங்க விசேஷம்?" என்று கேட்டார்.

"தோத்துட்டோங்க" என்றார் இவர்.

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.