சாம்பல் நிறத் திரையில் ஒரு கழுத்து

நான் வயரைப் பிடித்துப் பிழைக்கிறவன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது ஏதாவது மினுக்கினால் லூஸ் கனெக்‌ஷன், இல்லையென்றால் ஈரம், அதுவும் இல்லையென்றால் எலி, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஆவிகள். பெங்களூர் தொம்மலூரில் எங்கள் எதிர்வீட்டில் குழாய் தானாகத் திறந்துகொள்கிறது என்று ஒரு தெருவே பயந்து செத்தபோது, போய் வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். பேய்க்கதை பேச ஆரம்பித்தால் எரிச்சலில் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இப்போது எழுந்து போனால் நான் தப்பாக நினைக்க மாட்டேன், சத்தியமாக.

வேலை என்னவென்றால், ரோபோ வைத்து ஆபரேஷன் செய்கிறார்களே, அதில் கேமரா என் பொறுப்பு. கம்பெனி ஆள்தான், ஆனால் பெரிய கேஸ் என்றால் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

அன்றைக்கு ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்று. புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் போய் உட்காருவது நெறிகளில்; காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்போமே, அதேதான். எந்த நெறியை வெட்டியெடுத்துச் சோதிப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது போகிற வழி வெறும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவை வேறு மோடுக்கு மாற்றினால் படத்தில் நிறமெல்லாம் செத்துச் சாம்பலாகிவிடும், மருந்து போன வழி மட்டும் பச்சையாக எரியும். ஒரு பச்சை நூல், அதன் முனையில் பாசிமணி மாதிரி நெறிகள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

பாதியில் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. துடைப்பதற்காக கேமராவை உடம்பிலிருந்து வெளியே எடுத்தார்கள், மோடை மாற்றவில்லை, அது வழக்கம்தான். வெளியே வந்த கேமரா ஒரு நொடி அறையைப் பார்த்தது. திரையில் தொப்பிக்கும் மாஸ்குக்கும் கீழே ஒரு கழுத்து. இடது காதுக்குக் கீழே பச்சையாக மூன்று மணி, அவற்றைக் கோர்த்த ஒரு நூல்.

மேலே இருக்கும் விளக்கு பட்டாலும் சில சமயம் பச்சை அடிக்கும், எனக்குத் தெரியாதா, அது எண்ணெய் கொட்டியதுபோலப் பரவித் தெரியும். இது அப்படியில்லை. அந்தக் கழுத்து அசைந்தபோது மணியும் அசைந்தது. மருந்து ஏற்றியது மேஜைமேல் படுத்திருக்கும் அம்மாவுக்கு மட்டும்தான். நின்றுகொண்டிருந்தவர்கள் உடம்பில் அது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சடாரென்று திரும்பினேன். நேர் எதிரே ஜெனிஃபர் சிஸ்டர் நின்றிருந்தாள்.

மூலையில் ரோபோவை இயக்கும் கன்சோலுக்குள் முகத்தைப் புதைத்திருந்த டாக்டர் மேடம், என்ன ஆச்சு என்று கன்னடத்தில், "ஏனாயித்து ரமேஷ், கேமரா பிராப்ளமா?" என்றார். "இல்ல மேடம், எல்லாம் ஓகே" என்றேன். ஜெனிஃபர்தான் மெதுவாக, "என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி பாக்குறீங்க?" என்று கேட்டாள். அதற்குள் கேமரா உள்ளே போய்விட்டது.

கேஸ் முடிந்ததும் கேபிள், லைட், சாஃப்ட்வேர் என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தேன். ஒரு கோளாறும் இல்லை. இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. ஜெனிஃபர் ரிச்சர்ட்ஸ் டவுன் பெண், அவளுக்கு அப்போது சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணிடம் போய் இதை எப்படிச் சொல்வது? கடைசியில் கேன்டீனில் வைத்துச் சொல்லிவிட்டேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள், அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சுத்தமாக ஒன்றுமில்லை. அடுத்த நாள் எல்லாருக்கும் பிளம் கேக் கொண்டுவந்து, "இது ரமேஷண்ணாவோட பச்சை லைட்டுக்கு" என்று சொல்லி மானத்தை வாங்கினாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, பார்த்தும் சும்மா இருக்காமல் சொன்னோமே, நாம் நல்ல மனுஷன்தான் என்று. வீட்டில் மனைவியிடமும் பீற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

ஜெனிஃபர் கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பி, கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஒருநாள் கேஸுக்கு முன்னால் அவள் சொன்னாள்:

"பாவம்ணா சரசாக்கா. கழுத்துல கட்டியாம், லெஃப்ட் சைடு, காதுக்குக் கீழ. ரொம்பப் பரவிடுச்சாம்."

"யாரு சரசா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னண்ணா, நம்ம ஓ.டி.ல தரை தொடைப்பாங்களே. தினம் உங்க காலைத் தூக்கச் சொல்லிட்டுத் தொடைப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வயிற்றைக் கழுவும் உப்புத்தண்ணீர் தரையில் கொட்டிவிட்டது, துடைக்க ஆளைக் கூப்பிட்டார்கள். ஜெனிஃபருக்குப் பின்னால், கதவோரமாக, மாப்போடு ஒரு ஆள் நிமிர்ந்து நின்றது. நர்ஸுக்கு நீலம், தரை துடைக்கிறவர்களுக்கு மெரூன், வெறும் கண்ணால் பார்த்தால் நிறத்தை வைத்தே தெரிந்துவிடும். சாம்பல் படத்தில் ஏது நீலம், ஏது மெரூன்? எல்லாம் ஒரே நிறம், ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். கேமரா கழுத்தை மட்டும்தான் காட்டியது. அது யார் கழுத்து என்று முடிவு செய்தது நான்.

ஈஜிபுராவில் சரசாக்கா வீட்டைத் தேடிப் போனேன். ஒற்றை அறை, கட்டிலில் படுத்திருந்தார், தலையில் துணி சுற்றியிருந்தது, கழுத்து ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மகள் பவித்ரா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அப்பவே காட்டியிருந்தா மருந்துலயே அடக்கியிருக்கலாம்னாங்க சார். வலியே இல்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வாங்கிப்போன ஆரஞ்சுப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சரசாக்காவுக்கு என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

"நீங்களா சார்! அன்னிக்கு டிவிய பாத்துட்டு சடார்னு என் பக்கம் திரும்புனீங்களே, ஞாபகம் இருக்குதா? மூஞ்சே செத்துப்போச்சு உங்களுக்கு. தரை ஈரமா கீதுன்னு திட்டப்போறாருன்னு நெனச்சிக்கினு மாப்பை எடுத்துக்கினு ஓடிட்டேன்."

"திட்டலாம் இல்லக்கா" என்றேன்.

"தெரியும் சார். அப்பாலதான் நெனச்சேன். எத்தினி வருசமா அங்க வேல செய்றேன், அந்த ரூம்ல ஒருத்தரும் என்னை நிமிந்து பாத்ததில்ல. நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க."

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன், என்ன மனுஷன் பாருங்கள். நான் பார்த்தது ஜெனிஃபரை. இவர் நின்றது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. உண்மை வாய்வரைக்கும் வந்தது, அவர் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அதே மாதம் சரசாக்கா போய்விட்டார்.

ஜெனிஃபரிடம் நான் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பச்சை லைட்டெல்லாம் அவளுக்குப் பழைய வேடிக்கை, மறந்தே போயிருப்பாள். இப்போதெல்லாம் கேமரா வெளியே வருவதற்கு முன்னால் மோடை நானே மாற்றச் சொல்லிவிடுவேன், ரமேஷ் ரொம்ப கவனம் என்று மேடம் பாராட்டுகிறார்.

போன வாரம் ஒரு கேஸில் சொல்ல மறந்துவிட்டேன். கேமரா வெளியே வந்துவிட்டது, மோடு மாறவில்லை, திரை எனக்கு இடது பக்கம். நான் கேபிளைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தேன். ஜெனிஃபர் இரண்டு கையிலும் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போனவள், நடுவழியில் நின்று, ரொம்பச் சாதாரணமாக, "சரசாக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள்.

அந்த இடத்தில் யாரும் இல்லை. சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றிருக்க வேண்டும், ட்ரேயோடு இரண்டடி பின்னால் வந்தாள். மேடம்கூடக் கன்சோலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

என் இடது பக்கத்தில் திரை இருந்தது. கொஞ்சம் தலையைத் திருப்பியிருந்தால் போதும், அங்கே யார் நிற்கிறார்கள், யாருமே இல்லையா என்று தெரிந்திருக்கும். ஒருவேளை சரசாக்காவும் காத்திருந்தாரோ என்னவோ, நான்தான் பார்ப்பேன் என்று. நான் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த முறையும் பார்க்கவில்லை.