மீன்மேல் விழுந்த பழி

சேரன்மகாதேவியில் ஒரு காதுகுத்து வீட்டில் மதியம் சாப்பிட்டவர்கள், பொழுது சாயுமுன் வாந்தி எடுத்து அரசு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இருவராகக் கிடந்தார்கள். திருநெல்வேலியில் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் நான் மைக்ரோபயாலஜிஸ்ட்டாகச் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. ஐஸ் பெட்டியும் சாம்பிள் பாட்டில்களுமாக ஜீப்பில் போய் இறங்கியபோது, குற்றவாளி யாரென்று ஊரே முடிவு செய்திருந்தது. உவரிக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஜெசிந்தா. விருந்துக்கு மீன் கொடுத்தவர்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். சந்தைக்குள் கூடையை இறக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"என் மீன சோதிச்சுப் பாருங்கம்மா. கெட்டதுன்னு வந்தா இந்தத் தொழிலையே தலைமுழுகிடுதேன்" என்றார்.

நான் சோதிக்குமுன் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். எதைச் சாப்பிட்டீர்கள், எதைத் தொடவில்லை. இதே இரண்டு கேள்விதான். அலுப்பான வேலை. ஒரு கட்டிலில், மீனைக் கண்ணெடுத்தும் பார்க்காத ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கையில் டிரிப்ஸோடு படுத்திருந்தார். சைவப் பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர். மீன் குழம்பை இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்ட வீட்டு மருமகளோ நல்லபடியாக நடமாடி, மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தியில் எதையாவது விட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்குச் சக்கர வியாதில்லா. பால்கோவாவ மட்டும் தொடல."

நோட்டைப் புரட்டினால், வாத்தியார் உட்படப் படுத்திருந்த எல்லோரும் பால்கோவா சாப்பிட்டிருந்தார்கள். விசேஷ வீட்டு ஃபிரிட்ஜில் மீன் குழம்பும் பால்கோவாவும் மிச்சம் இருந்தன. பால்கோவாவைக் கிண்டி உருட்டியது குழந்தையின் பெரிய தாத்தா. ரைஸ்மில் முதலாளி, ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. பேத்திக்கு என் கையாலேயே செய்வேன் என்று ஆசையாக முந்தின நாள் செய்து, தாம்பாளத்தில் மூடி, அடுக்களையில் வெளியிலேயே வைத்திருக்கிறார். அவர் கட்டைவிரலில் துணிக்கட்டு. அதைப் பிரித்துப் பஞ்சால் ஒற்றி ஸ்வாப் எடுக்கவேண்டும் என்றதும் முகம் சுருங்கியது. ஆனாலும் கையை நீட்டினார். உள்ளே சீழ் கட்டியிருந்தது.

சாம்பிளைத் தடவிக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைத்தான் பிளேட் என்போம். மறுநாள் பால்கோவா பிளேட்டிலும் விரல் பிளேட்டிலும் மஞ்சள் மஞ்சளாகக் கிருமிக் காலனிகள். சீழ்ப்புண்ணில் வளரும் ஸ்டெஃபைலோகாக்கஸ். மீன் குழம்பு பிளேட்டில் அது இல்லை. உறுதிசெய்ய கோயாகுலேஸ் டெஸ்ட் போட்டேன். சில மணி நேரத்தில் டியூபுக்குள் பிளாஸ்மா உறைந்து நின்றது, கவிழ்த்தும் வழியவில்லை. விஷம் உண்டாக்கும் வகைதான், சந்தேகமில்லை.

என் அதிகாரி ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு, யோசித்துப் பேசினார்.

"பெரிய மனுசன் பேரு கெடுது. மீன்னு ஒரு வரி எழுதுனா முடிஞ்சிரும்மா."

"பிளேட்ல வளந்தத மாத்தி எழுத மாட்டேன் சார். வேணும்னா நானே போய் அவர்ட்ட சொல்லுதேன்."

அவர் ரிப்போர்ட்டை இன்னொருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி வீட்டுக்கு நானே போனேன். காயத்திலிருந்த கிருமி இனிப்பில் இறங்கி, வெளியில் இருந்த நேரத்தில் பெருகி விஷமாகிவிட்டது, வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்று விளக்கினேன். அவர் கட்டுப்போட்ட விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"இத வெளிய சொல்லணுமாம்மா?"

"ஜெசிந்தா மேல ஊரே வெளியில வச்சுத்தான பழி சொல்லுச்சு, அண்ணாச்சி."

அடுத்த சந்தையன்று அவரே போய், எல்லோரும் கேட்க, தப்பு தன் கையில்தான் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டார். கூடை மறுபடி சந்தைக்குள் இறங்கியது. சங்கதியை எனக்குச் சொன்னது கஞ்சி ஊற்றிய அந்த மருமகள்.

அதற்குப்பின் பெரிய பெரிய நோய்ப்பரவல்களுக்கெல்லாம் போயிருக்கிறேன். பாராட்டுப் பத்திரங்களும் வந்தன. என் வேலையில் எனக்குப் பெருமை எது என்று கேட்டால் அந்தச் சேரன்மகாதேவி ரிப்போர்ட்டைத்தான் சொல்வேன். புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்னால் சாப்பிட்டவர்களிடம் போய்க் கேளுங்கள், சாப்பிடாதவர்களிடமும் கேளுங்கள். அப்புறம் பிளேட் என்ன சொல்கிறதோ, அதை அப்படியே எழுதுங்கள்.