எல்லாருக்கும் ஒரே டம்ளர்

கவிப்பிரியா அருவருப்போடு பிறந்தவள். சொந்த ஊரான இண்டூரில் அவள் முகத்தைச் சுளித்தால், பொம்மிடியில் நிற்காத ரயில்கூட நின்று என்னவென்று கேட்கும். அடுத்தவர் வாய்வைத்த டம்ளரைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத் தர்மபுரி சாஃப்ட்வேர் ஆபீஸில் பூபதியின் பக்கத்து நாற்காலிதான் வாய்த்தது. அவன் வாயில் எப்போதும் பாக்கு. கீபோர்டு இடுக்கில் எலி குடித்தனம் நடத்துமளவு முறுக்குத்தூள்.

குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனைக்கு அவன்தான் இணையதளம் கட்டியிருந்தான். பெண்கள் போனிலேயே ரிப்போர்ட் பார்க்கலாம். ஒருநாள் காலை சந்தியா என்பவள் ஆபீஸுக்குக் கூப்பிட்டாள்; கவிப்பிரியா எடுத்தாள். தன் ரிப்போர்ட்டைத் திறந்தால் யாரோ பானுமதியுடையது வருகிறதாம். அதில் அந்தம்மாளின் புருஷனுக்கு உள்ள குறைவரை இருக்கிறதாம்.

"ரிஃப்ரெஷ் பண்ணச் சொல்லு பாப்பா, போயிரும்," என்றான் பூபதி. போய்த்தான் விட்டது. அதுதான் கவிப்பிரியாவுக்கு இன்னும் அசிங்கமாகப் பட்டது.

அவன் எழுதிய நிரலைத் திறந்தாள். இந்த வேலையில் ஒரு சொகுசு உண்டு. தளத்தின் எந்தப் பக்கமும் தனக்கு வேண்டிய சர்வீஸை, அதாவது ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்துண்டை, தானே உண்டாக்க வேண்டாம். கேட்டால் கையில் கொண்டுவந்து கொடுக்கப்படும். எது எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்று மட்டும் முன்பே எழுதிவைக்க வேண்டும். உள்ளே வந்திருப்பவர் யார் என்று நினைவில் வைக்கும் சர்வீஸ் ஸ்கோப்டு ஆக இருக்க வேண்டும்; ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறந்து, அதோடு போய்ச் சேர வேண்டும். பூபதியோ சிங்கிள்டன் என்று எழுதியிருந்தான்: சர்வர் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எல்லாருக்கும் அது ஒன்றேதான். ஒருத்தி ரிப்போர்ட் எடுப்பதற்குள் இன்னொருத்தி நுழைந்தால், முன்னவள் பெயர்மேல் பின்னவள் பெயர் ஏறி உட்காரும். கழுவாத ஒரே டம்ளரில் ஊரே குடித்தது போல.

சோதித்தபோது சிக்காததற்குக் காரணம் அந்த ஆபீஸின் மரியாதை. நீங்க பாத்து முடிங்க, அப்புறம் நான் என்று ஒருவர் பின் ஒருவராகவே பார்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைத் தொட்டதே கிடையாது.

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் பூபதி. அதுவரை பானுமதியின் மானம் எத்தனை போனுக்குப் போகும்? கவிப்பிரியா தளத்தையே நிறுத்தினாள். அந்த ஒரு சொல்லை மாற்றி, இரண்டு போனில் ஒரே சமயம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். பிறகு, அவன் கண்ணால் வேண்டாமென்று கெஞ்சக் கெஞ்ச, பானுமதியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

எதிர்முனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"வேற யாரெல்லாம் பாத்தாங்க?"

"தெரிஞ்சு ஒருத்தர்தாங்க. வேற யாருன்னு சொல்ல முடியலீங்க."

"ஏழு வருசமா இந்த வூட்டுல மலடின்னு பேர் வாங்கிட்டு இருக்கறங்க. கொறை தன்னோடதுன்னு நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு சத்தியம் வாங்கிட்டாரு. தப்பாப் போனதுதான் போச்சு, எங்க மாமியா போனுக்குப் போயிருக்கக் கூடாதாங்க?"

கவிப்பிரியா போனை வைத்தாள். பூபதி என்ன ஆச்சு என்று கேட்டான். பானுமதியின் வீட்டைப் பற்றிக் கேட்டபின், அவன் பாக்கு வாய்கூட அந்த நேரம் அவளுக்குச் சுத்தமாகவே தெரிந்தது.