பொத்தையடி நெல்

வானம் கறுத்தால் ஊர்ப் பெண்கள் முற்றத்து வற்றலை அள்ள வீட்டுக்கு ஓடுவார்கள். அருணாசலவடிவு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை ஒட்டிய பொத்தைமேல், அந்த மொட்டைப் பாறைக் குன்றின்மேல் ஏறுவாள். பாறைச் சரிவில் அவள் வெட்டிய சிறு வாய்க்கால்களில் சருகும் சரளையும் அடைத்திருக்கும். அதை வழித்துவிட்டால்தான் சரிவில் விழும் மழை அடிவாரக் குட்டைக்கு வந்து சேரும். வாய்க்காலை ஆடு மிதித்த தடம் கண்டால் ஆட்டுக்காரனின் ஏழு தலைமுறைக்கும் வசவு விழும்.

தூத்துக்குடியில் கப்பலேற்ற, பேதி மருந்துக்கான நிலாவாரை இலை வாங்கிக்கொண்டு எட்டயபுரத்துப் பக்கம் அலைகிறவன் நான். அவள் வீட்டில்தான் எனக்கு மோர். அவள் பிறந்தது தாமிரபரணிக் கரை. "எங்கூர்ல தண்ணி தானா வரும் அண்ணாச்சி. இங்கன அதக் கையப் புடிச்சுக் கூட்டியாரணும்" என்பாள்.

கல்யாணமாகி வந்த வருஷம் குட்டைக்கு அவளே கரை போட்டாள். பிறந்த ஊரில் வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல, சொட்டுத் தண்ணீர் வெளியேறாமல் பூசி மெழுகிவிட்டாள். முதல் பெருமழையில் கரையும் போயிற்று, கீழே நின்ற கம்புப் பயிரும் போயிற்று. ஆற்றுக்காரிக்கு மலைத்தண்ணீரின் வேகம் எப்படித் தெரியும்? இப்போது கரை நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கல் பாவி மறுகால் விட்டிருக்கிறாள். மிஞ்சியது அதன் வழியே ஓடைக்குப் போய்விடும். அது போகையில் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

இந்த வருஷம் ஊரே சிரிக்க, பத்துப் பாய் விரிக்கிற இடத்தில் நெல் நட்டுவிட்டாள். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. விளைந்த நெல் சர்க்காருக்குப் போய்விட, நெல் விளைகிற ஊரிலேயே அவள் அம்மாவுக்குக் கிடைப்பது சோளம்தான். பல் போன கிழவி அதை விழுங்க முடியாமல் படுத்துவிட்டாள்.

"ரெண்டு வாய் அரிசிக் கஞ்சி கெடைக்குமான்னு கேக்காளாம். வெறுங்கையோட எப்படிப் போவேன்? ஒரு மரக்கா அரிசி போதும். என் கையால காச்சி ஊத்தணும். நாலு வருசமாச்சு அண்ணாச்சி, அவ மொகத்தப் பாத்து."



மார்கழிக் கடைசியில் மறுபடி போனேன். கதிர் பால் பிடிக்கிற நேரம், குட்டை வற்றிக் கிடந்தது. மத்தியானம் யாரும் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் குட்டை நிறைந்து மறுகாலில் வழிந்தது.

"இது பத்து நாளைக்குத்தான் காணும். கதிர் முத்த இருவது நாளு வேணும்" என்றாள். தை பிறந்துவிட்டால் இனி மழை கிடையாது.

புருஷன் செல்லப்பாண்டி பதறினான். "ஏளா, மறுகால மண்ணப் போட்டு அடைச்சிராத. கர போயிரும்."

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். மறுகாலுக்குள் இறங்கி, முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்து, கல்லில் காலை உதைத்து உட்கார்ந்தாள். பின்னால் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

"எந்திரிளா, ஒடம்பு வெறச்சிரும்."

"நீரு கரையப் பாத்துக்கிட்டு நில்லும். கசிஞ்சா சொல்லும், எந்திரிச்சிருதேன். மண்ணு எந்திரிக்குமா?"

தண்ணீர் அவள் விலாவுக்கு வந்துவிட்டது. உதடு நடுங்கியது. இடுப்புக்கும் கல்லுக்கும் இடையே ஒரு சந்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முந்தானையைச் சுருட்டி அதில் திணித்து, இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.